மூன்று அங்குலம்

இறக்க மாட்டேன். கிளட்சை விடும்போதே சொல்லிக்கொள்கிறேன், வெளியே கேட்காமல். டிராக்டருக்குப் பின்னால் ஆறடி அகலத்துக்குப் புல் வெட்டுகிற மோவர் இழுபட்டு வருகிறது. அதன் தகட்டுக்கு அடியில் மூன்று பிளேடுகளும் சுற்ற ஆரம்பிக்கும்போது முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு சீறல், அதற்கப்புறம் அது சத்தமாகவே தெரிவதில்லை, இருக்கையின் இரும்பு வழியாக முதுகில் ஏறுகிற நடுக்கமாக மட்டும் கூடவே இருக்கிறது. மூலைக்கு ஒன்றாக நாலு சின்னச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் தண்டிலும் இரும்பு வளையங்கள். வளையம் கீழே இருந்தால் மோவர் உயர்ந்து நிற்கும், புல் மூன்று அங்குலத்தில் நிற்கும். பின்னை உருவி வளையத்தை மேலே மாற்றிப் போட்டால் மோவர் இறங்கிவிடும், ஒன்றரை அங்குலம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. நேற்றுச் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து ஏ.ஓ. சந்தானகோபால் சொன்னது இந்தப் பத்து நிமிட வேலையைத்தான். கல்லூரிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது அவருக்கு, நிர்வாகம் முழுக்க அவர் கையில். "ஞாயித்துக்கிழமை பட்டமளிப்பு விழா, கிட்டுச்சாமி. இந்தப் படத்தப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். ஏதோ குளிர் தேசத்துப் புல்வெளி, பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி. "இப்படி வேணும். தலைகாணி மாதிரி புசுபுசுன்னு வேண்டாம். ஒன்றரை இன்ச்சுக்கு இறக்கிடுங்க." நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முடியலைன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. வயசாச்சு உங்களுக்கு. உடுமலைல ஒரு கான்ட்ராக்டர் இருக்கார், அவர் ஆளு வருவான். அவன் தங்கறதுக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நீங்க இருக்கற வீடு வேணும், அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் என்ன சொன்னேன்? "ஆமாங்க" என்றேன். எதற்கு ஆமாம்? வயசானதற்கா, இறக்குவதற்கா, வீட்டுக்கா? அவருக்கு அது போதுமாக இருந்தது. போய்விட்டார்.

ஓரச் சுற்று இரண்டு. எப்போதும் இப்படித்தான், முதலில் நாலு ஓரத்தையும் சுற்றி இரண்டு தடவை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் பிறகு நீளவாக்கில் போய்த் திரும்பும்போது வண்டிக்கு இடம் இருக்கும், கொடிக்கம்பத்து மேடையில் மோவர் இடிக்காது. மூன்று ஏக்கர். இந்தப் பக்கம் நிர்வாகக் கட்டிடம், அந்தப் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டின காம்பவுண்ட், நடுவில் எங்கும் மரம் கிடையாது, நிழல் கிடையாது. சித்திரை வெயில் ஏழரை மணிக்கே கழுத்தில் கை வைக்கிறது. போர்வெல் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் இந்தப் பக்கம் திரும்புகிறது, விடுதிக்குப் போக மிச்சம். இந்தப் புல் அகல இலைப் புல். அருகு மாதிரி மண்ணுக்குள் வேரை ஒளித்து வைத்துக்கொள்ளத் தெரியாது இதற்கு. தரைக்கு மேலே விரல் கனத்துத் தண்டாக ஓடும், உயிரெல்லாம் அந்தத் தண்டில். மேலே இலை நின்றால் தண்டுக்கு அதுதான் குடை. ஒன்றரை அங்குலத்துக்கு இறக்கினால் குடையும் போகும், தண்டின் தோலும் உரியும். மூன்றாம் நாள் வெளுக்கும். பத்தாம் நாள் சாக்கு விரித்த மாதிரி கிடக்கும். இதை நேற்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். நாலு வாக்கியம். படிக்காதவன் சொல்லக்கூடாத விஷயம் ஒன்றும் இல்லை இதில். ஆனால் சொல்வதற்கு நான் வேறு வழி வைத்திருந்தேன், இத்தனை வருஷமாக. இவருக்கு முன்னால் இருந்தவர் இறக்கு என்பார், அவருக்கு முன்னால் இருந்தவரும் இறக்கு என்பார், நான் சரிங்க என்பேன், வளையத்தைத் தொட மாட்டேன், நீளவாக்கில் ஒரு தடவை வெட்டிவிட்டு அதே உயரத்தில் குறுக்கே இன்னொரு தடவை வெட்டுவேன். புல் இரண்டு பக்கமும் சாய்ந்து கட்டம் கட்டமாகத் தெரியும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது இறங்கின மாதிரியே இருக்கும். பார்த்தீர்களா, எப்படி ஒட்ட வெட்டியிருக்கிறான் என்பார்கள். நானும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். இப்படித்தான் இந்தப் புல் பதினொரு வருஷம் உயிரோடு இருந்தது. நான் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். காப்பாற்றினது எதை என்று இப்போது கேட்கிறேன். என் வாயைத்தான்.

இரண்டாவது ஓரச் சுற்று முடிகிற இடத்தில் களையெடுக்கிற பெண்கள் ஆறு பேரும் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து கோரையைக் கொத்திக்கொண்டு வருகிறார்கள். தலையில் துண்டு, அதற்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. அவர்களுக்குப் பத்தடி முன்னாலேயே ஹைட்ராலிக்கைத் தூக்கி, பிளேடை நிறுத்தி, மெதுவாகத் தாண்டிப் போக வேண்டும், கல் கிடந்தால் தெறித்துவிடும். நிறுத்தினதும் சட்டென்று காதுக்குள் ஒரு பெரிய வெறுமை. தங்காத்தாள் களைக்கொத்தைப் புல்லில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்ண்ணா, யாருகூடப் பேசீட்டு வர்றீங்க? அங்கிருந்து பாத்துட்டே இருக்கறேன், வாய் ஆடீட்டே இருக்குது." "பேசலியே" என்றேன். "வண்டிக்குப் பாட்டுச் சொல்லித் தர்றாராட்ட இருக்குது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "உனக்குத் தெரியாது புள்ள. முப்பது வருசத்துக்கு இவருகிட்ட இருந்து வந்தது முப்பது வார்த்த. இன்னைக்கு எதோ கணக்குத் தப்பிப் போச்சு" என்று தங்காத்தாள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். உண்மையில் பேசிக்கொண்டுதான் வந்தேன். இல்லீங்க, இறக்கலீங்க, இல்லீங்க, இறக்கலீங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எனக்கு வளையத்தைப் பற்றிப் பயம் இல்லை. வளையம் என் கையில் இருக்கிறது, கை நான் சொன்னதைக் கேட்கும். நாக்குதான் கேட்காது. மேலே இருக்கிறவர் யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் 'ஆமாங்க' வந்து விழுந்துவிடுகிறது, கொட்டாவி மாதிரி, தும்மல் மாதிரி. ஆமாங்க என்று சொன்னபிறகுதான் என்ன கேட்டார்கள் என்பதே எனக்குப் புரியும். இன்றைக்கும் பத்து மணிக்கு அவர் வந்து நிற்பார். இறக்கீட்டீங்களா என்பார். தங்காத்தாள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவள் என் மனைவி மயிலாத்தாளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து களையெடுத்தவள்.

நீளவாக்கில் முதல் ஓட்டம். தூரத்தில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு குறி எடுத்துக்கொண்டு அதையே பார்த்து ஓட்ட வேண்டும், சக்கரத்தைப் பார்த்தால் கோடு வளையும். போன கோட்டின் மேல் அரையடி ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு குடுமி நிற்கும். இன்றைக்குக் குறி, கேட்டுக்குப் பக்கத்துத் தூண். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சித்திரையில், நிறுவனர் சிலை திறப்புக்காக, அப்போதிருந்த மேனேஜர் இறக்கு என்றார். அந்தக் காலத்தில் எனக்குக் குறுக்கே வெட்டுகிற தந்திரம் தெரியாது. தெரிந்ததெல்லாம் இறக்கினால் புல் போய்விடும் என்பது மட்டும். தெரிந்தே இறக்கினேன். நாலு பின், பத்து நிமிடம். வெட்டும்போதே வாசனை மாறியது ஞாபகம் இருக்கிறது. பச்சை வாசனையோடு ஒரு கசப்பு, முருங்கைக் கொம்பை முறித்தால் வருமே, அந்த மாதிரி. சிலை திறந்தார்கள், போனார்கள். இரண்டாவது வாரம் தாளாளர் சென்னையில் இருந்து வந்து காரை விட்டு இறங்கிப் பார்க்கிறார், மூன்று ஏக்கரும் சாக்கு. எல்லாரையும் வரச் சொல்லி இதே கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்க வைத்தார். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. களையெடுக்கிற பொம்பளைங்க கோரை எடுக்கிறேன்னு புல்லையும் வேரோட இழுத்துட்டாங்க என்றார். எட்டுப் பெண்கள். அவர்களுடைய கையில் காய்ப்பு, நகக்கண்ணில் மண். அதுவே சாட்சி மாதிரி இருந்தது பார்க்கிறவர்களுக்கு. வேர் இழுத்தால் குழி இருக்கும், குழி எங்கே என்று கேட்க அங்கே ஒரு ஆள் இருந்தேன், நான். தாளாளர் என் பக்கம் திரும்பி, "ஏப்பா, அப்படித்தானா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மயிலாத்தாள் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. பஸ் வரும் என்று தெரிந்து நிற்கிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது. வரத்தான் போகிறது, கொஞ்சம் தாமதம் என்கிற மாதிரி. நான் ஆமாங்க என்றேன்.

தூண் விலகிவிட்டது. இல்லை, நான்தான் விலகினேன், கோடு இரண்டு அடிக்கு நெளிந்துவிட்டது. திரும்பி வரும்போது ஏறி வெட்டிச் சரி பண்ண வேண்டும். எட்டுப் பேரையும் அன்றைக்கே நிறுத்தினார்கள். அடுத்த மழைக்குப் புல்லைப் புதிதாக நட்டார்கள், இரண்டு வருஷம் கழித்து ஆள் போதாமல் தங்காத்தாளை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போய் மயிலாத்தாள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வண்டியைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். அவள் சோளச் சோறு ஆக்கி வைத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் தட்டை வைத்தாள். "உங்க டிராக்டரு போடற சத்தத்துல பாதி நீங்க போட்டிருந்தீங்கன்னா, எட்டுக் குடும்பத்துக்கு நாளைக்கு வேல இருந்திருக்கும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு தொட்டுக்கொள்ள வெங்காயம் வேண்டுமா என்று கேட்டாள். பொள்ளாச்சி ரோட்டில் தென்னை நார் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் தூசியாகத் திரும்பி வருவாள், கண்ணிமையில்கூட நார்த்தூள். ஆறு வருஷம். இருமல் அந்தத் தூசியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் யார்மேலும் போடத் தயாராக இல்லை, என்மேலும்கூட. நோய் வருகிறவர்களுக்கு வருகிறது. ஆனால் அந்த ஆறு வருஷமும் அவள் கல்லூரி கேட்டுக்கு முன்னால் பஸ் ஏறினாள், ஒரு நாள்கூட இந்தப் புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது அவள் போன பிறகு, பொட்டலம் கட்டி வருகிற தாளில், தனியாக. படிக்கத் தெரிந்தால் பேசவும் வரும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு ஒரு பழைய நோட்டில் எழுதவும் எழுதினேன். தாளில் நன்றாகத்தான் பேசுகிறேன். தாள் என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை.

பதினேழாவது ஓட்டம். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. போகும்போது சாய்ந்த புல் வெளிறித் தெரிகிறது, வரும்போது சாய்ந்தது கருப்பச்சையாக. வெளிறல், கருப்பு, வெளிறல், கருப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டை நினைக்கிறேன். ஓடு, ஒரு அறை, பின்னால் துணி துவைக்கிற கல். எந்நேரமும் மோட்டார் ஓடுகிறதால் சுவரே லேசாக அதிரும், புதிதாக வருகிறவனுக்குத் தூக்கம் வராது. அவள் கடைசியாகப் படுத்திருந்த இடம் அங்கேதான் இருக்கிறது, நான் இன்னும் அதைத் தாண்டித்தான் படுக்கிறேன். அதை விட்டு அறுபத்து மூன்று வயதில் எங்கே போவது? தாராபுரத்தில் மகள் இருக்கிறாள், வா என்றுதான் சொல்கிறாள், அவள் மாமியார் சொல்வதில்லை. போகலாம், போகாமல் இருக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது. குறுக்கே ஒரு தடவை வெட்டிவிட்டால் போதும். காம்பவுண்டு மூலையில் இருந்து ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம். அவர் கண்ணும் நிறையும், புல்லும் பிழைக்கும், சாவியும் என் இடுப்பில் இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. யாருக்கும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை புல் பச்சையாக இருக்கும். ஒன்றரை அங்குலத்திலும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று அவர் மனதில் பதிந்துவிடும். நான் என்ன, இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம். எனக்கு அடுத்து வருகிறவனிடம் சொல்வார், அவன் நிஜமாகவே இறக்குவான். புல் வெளுக்கும். அப்போது கொடிக்கம்பத்துக்குக் கீழே யாரை நிற்க வைப்பார்கள்? தங்காத்தாள் திரும்பிப் புல்லை விட்டு ஒரு கொத்துக் கோரையை எடுத்துப் பின்னால் வீசுகிறாள். என் தந்திரம் அவளைத்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அப்படியானால் குறுக்கே வெட்டக் கூடாது. குறுக்கே வெட்ட மாட்டேன். கடைசி ஓட்டம் முடிகிற இடத்தில் ஹைட்ராலிக்கைத் தூக்கினேன், பிளேடை நிறுத்தினேன். என்ஜினையும் நிறுத்தினேன், எப்போதும் அப்படிச் செய்கிறவன் இல்லை. சத்தம் இருந்தால் அதற்குள் ஒளிந்துகொள்வேன்.

கேட்டில் கார் நுழைகிறது. ஏ.ஓ.வின் வண்டி இல்லை, தாளாளருடைய கார். விழா ஏற்பாடு பார்க்க வந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது, கைத்தடி. ஏ.ஓ. படியிறங்கி ஓடி வருகிறார். இரண்டு பேரும் புல் ஓரமாக நடந்து வந்து, டிராக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் இறங்கி நிற்கிறேன். தங்காத்தாள் வரிசை இருபதடியில். தாளாளர் கைத்தடியால் புல்லைத் தடவிப் பார்க்கிறார். "நல்லாருக்குது. கோடெல்லாம் நேரா விழுந்திருக்குது" என்கிறார்.

"நான்தான் ஐயா, ஒன்றரை இன்ச்சுக்கு இறக்கச் சொன்னேன். இனிமே வருஷம் பூரா இதே லெவல்ல மெயின்டெய்ன் பண்ணிடலாம். அப்படித்தானே கிட்டுச்சாமி?" என்கிறார் ஏ.ஓ., தோளில் தட்டுகிற மாதிரி ஒரு சிரிப்போடு. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்.

நாக்கு எழுந்துவிட்டது. மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. நான் வாயை மூடிக்கொள்கிறேன். தாளாளர் என்னைப் பார்க்கிறார். "என்னப்பா?"

"மூணு அங்குலமுங்க."

"என்னது?"

"இறக்கச் சொன்னாருங்க. நான் இறக்கலீங்க. இந்தப் புல்லுக்கு மூணு அங்குலம். கீழ போனா காஞ்சுருமுங்க."

ஏ.ஓ. முகம் சிவக்கிறது. "நேத்து ஆமாங்கன்னு சொன்னீங்களே?"

"சொன்னனுங்க. அது தப்புங்க."

"தண்ணி விட்டா எதுவும் காயாது. ஐயா, இவருக்கு வயசாயிடுச்சு, நான் வேற ஆள்—"

"வேற ஆள வெச்சு வெட்டிக்கங்க. வீட்டுச் சாவியும் தர்றனுங்க" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. கரகரவென்று, ரொம்ப நாளாக ஓடாத வண்டி கிளம்பின மாதிரி. ஆனால் நிற்கவில்லை. "காஞ்சதுக்கப்பறம் களையெடுக்கற பொம்பளைங்களக் கூப்புட்டு நிறுத்தக் கூடாதுங்க. அதுக்குத்தான் சொல்றன்."

தாளாளர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு யோசிக்கிறார். "அப்படி ஒரு தடவை நடந்துச்சில்ல? சிலை திறப்பப்போ. வேரோட பிடுங்கிட்டாங்கன்னு."

"பிடுங்கலீங்க. வெட்டுனது நானுங்க. மேனேஜர் இறக்கச் சொன்னாரு, காயும்னு தெரிஞ்சேதான் இறக்குனன். நீங்க என்னையக் கேட்டீங்க. நான் பொய் சொன்னனுங்க."

களைக்கொத்துச் சத்தம் நின்றுவிட்டது. ஆறு பேரும் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிகிறது.

"பன்னண்டு வருசம் ஆச்சேப்பா. இப்ப எதுக்கு அது?" தாளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தல்காரர் பத்தரைக்கு வருவதாக ஏ.ஓ. அவர் காதருகில் சொல்கிறார். இரண்டு பேரும் கட்டிடத்துப் பக்கம் அரைத் திருப்பம் திரும்பிவிட்டார்கள். இதோடு முடிந்தது, மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று பழைய ஆள் உள்ளே இருந்து சொல்கிறான். நான் இரண்டடி முன்னால் நடந்து அவர்களுக்கு எதிரே போய் நிற்கிறேன்.

"எட்டுப் பேருங்க. பேரச் சொல்லீர்றன், கேட்டுட்டுப் போங்க. தங்காத்தா, அதா அங்க உக்காந்திருக்குது. கருப்பாத்தா, கண்ணமநாயக்கனூர். மூணாவது என்ற சம்சாரமுங்க, மயிலாத்தா, இப்ப இல்ல. நாச்சாயி, அவ மகன் அந்த வருசம் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டான்."

"கிட்டுச்சாமி, போதும்" என்கிறார் ஏ.ஓ.

நான் ஐந்தாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.